பத்து பிரிண்டர், ஒரே லேபிள்!



ஒரு கற்பனையோடு ஆரம்பிக்கிறேன். ஏதோ ஒரு காலேஜில் இரண்டு நோட்டீஸ் போர்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று ஆபீஸ் வாசலில், இன்னொன்று கேன்டீன் பக்கத்தில். வியாழக்கிழமை நடக்க வேண்டிய லேப் தேர்வு புதன்கிழமைக்கு மாறிவிட்டது. ஆபீஸ் வாசலில் புதுத்தாள் ஒட்டியாச்சு. கேன்டீன் பக்கத்துத் தாளை யாரும் மாற்றவில்லை. நம்மில் எத்தனை பேர் ஆபீஸ் வாசலுக்குப் போவோம், எத்தனை பேர் கேன்டீனுக்குப் போவோம் என்பது ஊரறிந்த விஷயம்! புதன்கிழமை லேபில் பாதிப் பேர்தான் நிற்பார்கள். வராதவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்களும் நோட்டீஸ் போர்டைப் பார்த்துத்தானே நடந்தார்கள்!

ஒரே செய்தியை இரண்டு இடத்தில் வைத்தால், இரண்டும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் சிங்க்ரனைசேஷன் என்கிறார்கள். நல்ல தமிழில் ஒத்திசைவு. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது, ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் பல லேபிள் பிரிண்டர்களுக்குள் ஃபைல்களை ஒத்திசைப்பது பற்றி. "இதுல என்னடா கஷ்டம்? எல்லாத்துக்கும் அனுப்பிட்டாப் போச்சு"ன்னு நீங்கள் நினைக்கலாம். இன்-பிளாண்ட் டிரெயினிங் போகும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

லேபிள் பிரிண்டருக்குள் என்ன இருக்கிறது?

பஸ்ஸில் கண்டக்டர் மெஷினிலிருந்து கிழித்துத் தருகிற டிக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் மை கிடையாது. சூடு பட்டால் கருப்பாகிற பேப்பர் அது. லேபிள் பிரிண்டரும் இதே தெர்மல் வேலைதான். நாள்பட அழியாமல் இருக்க வேண்டிய லேபிள் என்றால் ஹெட்டுக்கும் பேப்பருக்கும் நடுவில் ஒரு ரிப்பன் ஓடும். ஹெட்டில் வரிசையாகப் புள்ளிகள். 203 டி.பி.ஐ. ஹெட் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. 104 மி.மீ. அகலத்துக்கு 832 புள்ளி.

சாதாரண ஆபீஸ் பிரிண்டருக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ஆபீஸ் பிரிண்டருக்கு ஒவ்வொரு முறையும் முழுப் பக்கத்தையும் கம்ப்யூட்டர் அனுப்ப வேண்டும். லேபிள் பிரிண்டரோ தன் சொந்த மெமரியில் ஃபைல்களை வைத்துக்கொள்ளும். லேபிளின் அமைப்பு (ஃபார்மட்), கம்பெனி லோகோ, எழுத்துரு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். கம்ப்யூட்டர், "அந்த ஃபார்மட்டை எடு, பேட்ச் நம்பர் இது, தேதி இது, 500 காப்பி போடு" என்று சொன்னால் போதும். ஸீப்ரா கம்பெனியின் இசட்.பி.எல். மொழியில் ஃபார்மட்டைச் சேமிக்க ஒரு கட்டளை, திரும்ப எடுக்க ஒரு கட்டளை, காலி இடத்தை நிரப்ப ஒரு கட்டளை என்று தனித்தனியாக உண்டு.

வேகத்துக்கு இது ரொம்ப நல்ல ஏற்பாடு. ஆனால் பத்து பிரிண்டர் இருந்தால் பத்து மெமரி. அதாவது பத்து நோட்டீஸ் போர்டு!

2025 செப்டம்பர் 22

3-9-2025 அன்று கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 56-வது கூட்டம் வரி விகிதங்களை மாற்றியது. புது விகிதம் 22-9-2025 முதல் அமல். சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. வரியில்லாமல் 100 ரூபாய் என்று ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை 118 ரூபாய். அன்று முதல் 105 ரூபாய். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்த்த விலை. ஆகவே லேபிளில் இருக்கிற எண்ணும் மாறியாக வேண்டும். ஏற்கெனவே பாக் பண்ணி விற்காமல் கிடந்த சரக்கில் புது விலை ஸ்டிக்கர் ஒட்ட நுகர்வோர் துறை அனுமதி கொடுத்தது. பிறகு செப்டம்பர் 18-ல் அது கட்டாயமில்லை, விருப்பம்தான் என்று தளர்த்தியது. ஆனால் புதிதாக பாக் ஆகிற பெட்டிக்குப் புது விலைதான்.

நான் டிரெயினிங்கில் இருந்தது சோப்பும் எண்ணெயும் பாக் பண்ணுகிற ஒரு சின்ன இடம். பெயர் வேண்டாம். பத்து பாக்கிங் வரிசை, வரிசைக்கு ஒரு லேபிள் பிரிண்டர். 21-ந் தேதி சாயங்காலம் சிஸ்டம் பார்க்கிற அண்ணன் புது ஃபார்மட்டைத் தயார் பண்ணி, ஒரு சின்ன புரோகிராம் மூலம் பத்துக்கும் அனுப்பினார். ஸ்கிரீனில் '10/10' என்று வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு லேபிள் அடித்துப் பார்த்தோம். பத்திலும் 105. சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை ஷிப்ட் ஆரம்பித்து ஒரு மணி நேரம் இருக்கும். ஏழாவது வரிசையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வாங்க. அந்தப் பக்கத்துப் பெட்டியில 105-ன்னு இருக்கு. எங்க பெட்டியில 118-ன்னு வருதே, ரெண்டும் ஒரே சோப்புதானே?"

பார்த்தால் 340 பெட்டி போயிருந்தது. பெட்டிக்கு 13 ரூபாய் வீதம் 4,420 ரூபாய். யாரோ முன்பின் தெரியாத ஜனங்கள் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டிய பணம் அது. நல்லவேளை, வண்டி ஏறவில்லை. மத்தியானம்வரை எல்லாரும் உட்கார்ந்து ஸ்டிக்கர் உரித்தோம். நான் உரித்தது மட்டும் நூறுக்கு மேல். நகம் இரண்டு நாள் வலித்தது!

என்ன நடந்தது?

ராத்திரி கரண்ட் போயிருக்கிறது. ஒன்பது பிரிண்டர் யூ.பி.எஸ்.-ல் ஓடின. ஏழாவது வரிசையின் யூ.பி.எஸ். பாட்டரி செத்துப்போய்க் கிடந்தது, யாரும் கவனிக்கவில்லை. பிரிண்டர் அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது.

இங்கேதான் மைக்ரோபிராசசர் பாடம் ஞாபகம் வர வேண்டும். பிரிண்டரில் இரண்டு வகை மெமரி. ஒன்று ராம். கரண்ட் போனால் அதில் இருப்பதும் போச்சு. இன்னொன்று ஃபிளாஷ். கரண்ட் போனாலும் நிற்கும். இசட்.பி.எல்.-ல் ராமுக்கு 'ஆர்' என்று டிரைவ் பெயர், ஃபிளாஷுக்கு 'ஈ'. ஃபார்மட்டைச் சேமிக்கும்போது டிரைவ் பெயர் சொல்லாவிட்டால் அது தானாக ராமுக்குப் போகும். திரும்ப எடுக்கும்போது டிரைவ் பெயர் சொல்லாவிட்டால் முதலில் ராமில் தேடும். அங்கே இல்லையென்றால் ஃபிளாஷில் தேடும்.

இப்போது புரிகிறதா? பிரிண்டரை முதன்முதலில் மாட்டியவர்கள் பழைய 118 ஃபார்மட்டை ஃபிளாஷில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நம்ம அண்ணன் அதே பெயரில் அனுப்பிய 105 ஃபார்மட், டிரைவ் சொல்லாததால் ராமில் உட்கார்ந்தது. இருக்கும்வரை அதுவே முதலில் கண்ணில் பட்டது. கரண்ட் போனதும் ராம் காலி. மறுநாள் தேடிய பிரிண்டர், ஃபிளாஷிலிருந்த பழைய ஃபைலை எடுத்து ஒழுங்காக அடிக்க ஆரம்பித்துவிட்டது. எரர் லைட் இல்லை, பீப் இல்லை. அதன் கணக்கில் அது ஒரு தப்பும் செய்யவில்லை.

கவனியுங்கள். '10/10' என்று புரோகிராம் சொன்னது பொய்யில்லை. சாயங்காலம் நாங்கள் அடித்துப் பார்த்ததும் பொய்யில்லை. ஆனால் அது நேற்றைய உண்மை. "அனுப்பியாச்சு" என்பது வேறு, "இப்போது இருக்கிறது" என்பது வேறு. ஒத்திசைவு என்பது ஒரு தடவை செய்து முடிக்கிற வேலை அல்ல. வேலை ஆரம்பிக்கிற ஒவ்வொரு தடவையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. இந்தக் கட்டுரையில் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலே போதும்.

நெட்வொர்க் படித்தவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். "டி.சி.பி.-யில் போய்ச் சேர்ந்ததுக்கு பதில் வருமே?" வரும். லேபிள் பிரிண்டர்கள் பெரும்பாலும் 9100 என்ற போர்ட்டில் டி.சி.பி. வழியாக டேட்டா வாங்கும். ஆனால் டி.சி.பி. சொல்வது, பைட்டுகள் பிரிண்டர் வாசல்வரை வந்து சேர்ந்தன என்பதை மட்டும். உள்ளே ராமில் வைத்தாரா, ஃபிளாஷில் வைத்தாரா, இடமில்லாமல் தள்ளிவிட்டாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார் என்பதால் வீட்டுக்காரர் படித்துவிட்டார் என்று அர்த்தமா?

சரி, எப்படிச் செய்ய வேண்டும்?

அந்த வாரம் முழுக்க அண்ணனும் நானும் உட்கார்ந்து மாற்றி எழுதிய முறை இதுதான்.

முதலாவது: மூலம் ஒன்றே. நம்ம புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, ஆந்திரத்துக்குள் ஏனாம் என்று நாலு துண்டு. மூன்று மொழி. ஆனால் அரசாணை ஒரே இடத்திலிருந்துதான் வரும். காரைக்காலில் ஒரு திருத்தம், ஏனாமில் ஒரு திருத்தம் என்று ஆளாளுக்குப் போட்டால் எது நிஜமான ஆணை? அதேபோல் சர்வரில் ஒரு ஃபோல்டர்தான் மூலம். பிரிண்டரில் இருப்பதெல்லாம் நகல். ஏழாவது வரிசைக்காரருக்கு எழுத்து சின்னதாகத் தெரிந்தால், அங்கேயே மாற்றக் கூடாது. சொல்லி அனுப்பி மூலத்தில் மாற்ற வேண்டும்.

இரண்டாவது: நகலே எடுக்க வேண்டாததை நகல் எடுக்காதே. விலையை ஃபார்மட்டுக்குள் நிரந்தரமாக எழுதியதுதான் எங்கள் முதல் தப்பு. பேட்ச் நம்பர், தேதி மாதிரி விலையும் காலி இடமாக இருந்து, அடிக்கும் நேரத்தில் டேட்டாபேஸிலிருந்து வந்தால், விலை மாறும்போது பிரிண்டரைத் தொடவே வேண்டாம். முகவரியும் அப்படித்தான். 1-10-2006 முதல் 'பாண்டிச்சேரி' சட்டப்படி 'புதுச்சேரி' ஆனது. முகவரியை ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் எழுதி வைத்திருக்கிற ஒருவர் அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை ஃபைலைத் திறந்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

மூன்றாவது: கைரேகை வை. இரண்டு ஃபைல் ஒன்றா என்று பார்க்க முழுசாகப் படிக்க வேண்டாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சின்ன எண்ணைக் கணக்கிட்டு அதை ஒப்பிட்டால் போதும். இதற்குப் பெயர் செக்சம். நாம் தினம் பார்க்கிற பார்கோடிலேயே இது இருக்கிறது. இந்தியாவில் ஜி.எஸ்.1 அமைப்பில் பதிந்து வாங்குகிற எண்கள் 890 என்று ஆரம்பிக்கும். 13 இலக்கம். கடைசி இலக்கம் செக் டிஜிட். 890123456789 என்ற 12 இலக்கத்தை எடுங்கள். 1, 3, 5, 7, 9, 11-வது இடங்களைக் கூட்டினால் 28. 2, 4, 6, 8, 10, 12-வது இடங்களைக் கூட்டினால் 34. அதை 3-ஆல் பெருக்கினால் 102. மொத்தம் 130. அடுத்த பத்துக்கு எத்தனை வேண்டும்? பூஜ்யம். எனவே 13-வது இலக்கம் 0. எட்டாவது இடத்திலிருக்கும் 5-ஐ யாராவது 6 என்று அடித்துவிட்டால் மொத்தம் 133, செக் டிஜிட் 7 என்று வரும். குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு இலக்கத்துக்கே இவ்வளவு சக்தி. ஃபைல்களுக்கு எம்.டி.5, எஸ்.எச்.ஏ. 256 என்று இன்னும் நீளமான கைரேகைகள் உண்டு.

நான்காவது: கேள், ஒப்பிடு, பிறகு அனுப்பு. பிரிண்டரிடம் "உன்னிடம் என்னென்ன ஃபைல் இருக்கிறது?" என்று கேட்கவும், ஒரு ஃபார்மட்டைத் திருப்பி வாங்கவும் இசட்.பி.எல்.-ல் கட்டளைகள் உண்டு. பட்டியலை வாங்கி, மூலத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசமானதை மட்டும் அனுப்ப வேண்டும். "எதுக்கு வம்பு, தினமும் எல்லாத்தையும் அனுப்பிடலாமே" என்றால், ஃபிளாஷ் மெமரியில் எழுதுவதற்கு ஒரு ஆயுள் உண்டு. வீணாக எழுதித் தேய்க்கக் கூடாது. இங்கே ஒரு நெளிவு சுளிவு. சில மாடல்கள் நாம் அனுப்பிய ஃபைலை அப்படியே திருப்பித் தராமல் தன் பாணியில் கொஞ்சம் மாற்றித் தரும். அப்போது கைரேகை பொருந்தாது. அதற்கு, சரியாக இருக்கிற ஒரு பிரிண்டரிலிருந்து திருப்பி வாங்கியதையே அந்த மாடலுக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது: புதுசுக்குப் புதுப்பெயர். பழைய பெயரிலேயே புது ஃபைலை அனுப்பியதால்தான் பழசு புகுந்தது. 'சோப்பு 7' இருந்தால் அடுத்தது 'சோப்பு 8'. முதலில் 'சோப்பு 8'-ஐப் பத்து பிரிண்டரின் ஃபிளாஷிலும் வைக்க வேண்டும். பத்திலும் இருக்கிறது என்று கேட்டு உறுதி செய்த பிறகு, கம்ப்யூட்டரில் ஒரே ஒரு இடத்தில் "இனிமேல் 8-ஐ எடு" என்று மாற்ற வேண்டும். ஒன்றில் இல்லையென்றாலும் மாற்றக் கூடாது. டேட்டாபேஸ் பாடத்தில் 'டூ ஃபேஸ் கமிட்' என்று மனப்பாடம் பண்ணினோமே, அந்த யோசனைதான் இது! இதில் இன்னொரு லாபம், ஏதாவது ஒரு பிரிண்டர் 8-ஐத் தொலைத்துவிட்டாலும் அது 7-ஐ அடிக்காது. வேலை நிற்கும். தப்பான லேபிள் வருவதைவிட லேபிளே வராதது மேல்.

ஆறாவது: பிரிண்டர் எழும்போதெல்லாம் கேள். ஷிப்ட் ஆரம்பத்தில், கரண்ட் போய் வந்த பிறகு, பழுது பார்த்து மாட்டிய பிறகு ஒப்பிட்டாக வேண்டும். பொருந்தாத பிரிண்டருக்கு வேலை அனுப்பக் கூடாது. கடைசியாக, முதல் லேபிளை அந்த வரிசையில் இருக்கிற அக்கா பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஏனென்றால், அன்றைக்குத் தப்பைக் கண்டுபிடித்தது புரோகிராம் இல்லை, அவர்தான்.

இன்னும் இரண்டு பள்ளங்கள்

எல்லா பிரிண்டரும் ஒரே ரகம் என்று நினைத்துவிடாதீர்கள். 203 டி.பி.ஐ. ஹெட்டில் 400 புள்ளி என்றால் 50 மி.மீ. அதே 400 புள்ளி 300 டி.பி.ஐ. ஹெட்டில் 34 மி.மீ.-தான். ஒரே ஃபைலை இரண்டுக்கும் அனுப்பினால் ஃபைல் ஒத்திசையும், லேபிள் சுருங்கிவிடும்! மாடல்வாரியாகத் தனி ஃபோல்டர் வேண்டும்.

அடுத்தது நம்ம தமிழ். பொட்டலப் பொருள் விதிகளின்படி விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். கூடவே தமிழிலும் போடத் தடையில்லை. ஆனால் பிரிண்டரோடு வரும் எழுத்துருவில் தமிழ் இருக்கும் என்று நம்பக் கூடாது. தமிழ் எழுத்துருவைத் தனியாக இறக்க வேண்டும், அல்லது எழுத்தைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். யூ.டி.எஃப். 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 'கொ' என்பதில் கொம்பு முன்னால், கால் பின்னால் என்று பிரித்துப் போடும் அறிவும் வேண்டும். பத்தில் ஒன்றில் எழுத்துரு இல்லாவிட்டால் அந்த வரிசையில் மட்டும் கட்டம் கட்டமாக வரும். ஆக, ஃபார்மட் மட்டும் ஒத்திருந்தால் போதாது. எழுத்துரு, லோகோ எல்லாம் ஒத்திருக்க வேண்டும்.

பதின்மூன்று ரூபாயோடு போவதில்லை

"ஒரு சோப்பு லேபிளுக்கு இவ்வளவு அலம்பலா?" என்று கேட்பீர்கள். லேபிள் என்பது வாங்குகிறவர் நம்புகிற ஒரே வாக்குமூலம். 2016 ஜூலையில் லண்டன் விமான நிலையத்தில் 15 வயதுப் பெண் நடாஷா எட்னன்-லாபெரூஸ் ஒரு ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார். மாவில் எள் கலந்திருந்தது. அவருக்கு எள் ஒத்துக்கொள்ளாது. உறையில் எள் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடையிலேயே செய்து பொட்டலம் கட்டுவதற்கு அப்போது அங்கே சட்டம் அதைக் கேட்கவில்லை. விமானப் பயணத்தில் மூச்சு முட்டி, அந்தப் பெண் இறந்துபோனார். அவர் பெயராலேயே வழங்கும் சட்டம் 1-10-2021 முதல் அமலுக்கு வந்தது. கடையில் கட்டுகிற பொட்டலத்திலும் சேர்மானம் முழுவதும், ஒவ்வாமை தருவது எதுவென்று எடுத்துக்காட்டி, இருக்க வேண்டும். இப்போது யோசியுங்கள். நூறு கிளை உள்ள ஒரு கடையில் சமையல் குறிப்பு மாறி எள் சேர்கிறது. தொண்ணூற்றொன்பது கிளை பிரிண்டரில் புது லேபிள். ஒன்றில் மட்டும் பழசு.

நம் நாட்டிலும் 2020-ம் ஆண்டு உணவு லேபிள் விதிகள் நிலக்கடலை, பால், முட்டை, மீன் போன்ற ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிடச் சொல்கின்றன. 1-8-2023 முதல் 300 மருந்து பிராண்டுகளில் பேட்ச் நம்பர், காலாவதித் தேதி எல்லாம் அடங்கிய பார்கோடோ கியூ.ஆர். கோடோ கட்டாயம். இந்த எழுத்துகளையெல்லாம் அடிக்கப்போவது ஏதோ ஒரு பிரிண்டர். அதைப் பராமரிக்கப்போவது யார்? நம்மைப் போன்ற ஒரு டிப்ளமோ முடித்த ஆள்தான், நண்பர்களே!

நீங்களும் செய்து பார்க்கலாம்

இதற்கு பிரிண்டர் வாங்கத் தேவையில்லை. லேபில் இருக்கிற ஐந்து கம்ப்யூட்டரில் 9100 போர்ட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சின்ன பைதான் புரோகிராம் ஒன்றை ஓட விடுங்கள். அதுதான் பொய் பிரிண்டர். வந்த ஃபைலைச் சேமிக்கும், கேட்டால் பட்டியல் தரும். ஆறாவது கம்ப்யூட்டர் மூலம். இப்போது ஒரு பொய் பிரிண்டரை நடுவில் அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். உங்கள் புரோகிராம் கண்டுபிடிக்கிறதா? இன்னொன்றில் யாருக்கும் தெரியாமல் ஒரு எழுத்தை மாற்றுங்கள். கண்டுபிடிக்கிறதா? கடைசி வருஷ புராஜெக்டுக்கு இதுவே தாராளமாகப் போதும். வைவாவில் கேட்கிற கேள்விக்கும் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

வரிச்சிக்குடி பஸ் ஸ்டாப்பில் காரைக்கால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எதிர்க்கடையில் ஒரு சோப்பு வாங்கினால், இனிமேல் நான் அதன் லேபிளை ஒரு தடவை திருப்பிப் பார்க்கிறேன். எந்த வரிசை, எந்த பிரிண்டர், ராத்திரி கரண்ட் போச்சா என்று மனசு கேட்கிறது. பக்கத்தில் நிற்கிறவன் "என்னடா சோப்ப இப்புடிப் படிக்கிற?" என்று சிரிக்கிறான். சிரிக்கட்டும். நகம் வலித்தவனுக்குத்தானே தெரியும்!



— மூன்றாம் ஆண்டு மாணவன்